சாயம்மாவுக்கு ஒரு சோடி

சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் நானுஓயா மாமா வீட்டுக்கு வந்தார். பலகாரம் சாப்பிட்டு, பிளேன்டி குடித்து, எழும்பிப் போகிற நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: "எங்க வீட்டுல முயல் குட்டி போட்டிருக்கு. வெள்ளைல நல்ல கெடா ஒன்னு இருக்கு. ஒங்க முயலுக்குச் சோடியா வேணும்னா சொல்லுங்க. ரெண்டு கெழம வச்சிருப்பேன். அதுக்குப் பொறகு வேற ஆளு கேட்டிருக்காங்க."

வேற ஆள் எதுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சட்டியில் போடத்தான்.

அந்த ரெண்டு கிழமையும் நாங்கள் யோசித்தது, சண்டை பிடித்தது, கணக்குப் பார்த்தது எல்லாம்தான் இந்தக் கட்டுரை. ஒரு முயல் வாங்குவதற்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். எங்கள் அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

முதலில் ஒரு விசயம். இதில் 'நான்' வராது. முயல் எங்கள் ரெண்டு பேருக்கும் பொது. பெரியவள் பேராதனையில் கலைப்பீடம், இரண்டாம் வருசம். சின்னவன் ஹட்டனில் ஏ.எல். படிக்கிறான். எழுதுவது பெரியவள், "அப்படி இல்லக்கா, இப்படித்தான் நடந்துச்சு" என்று வட்ஸ்அப்பில் திருத்துவது சின்னவன். வீடு டிக்கோயாவைத் தாண்டி ஒரு தோட்டத்தில், கீழ் லயத்தில் நாலாவது காம்பரா. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார், சில மாதம் அதுவும் இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பாயி மேல் லயத்தில் சித்தப்பா வீட்டில்.

பெரியவளுக்குக் கெம்பஸ் கிடைத்துப் பெட்டி கட்டிக்கொண்டு போன அடுத்த வாரம்தான் முயல் வந்தது. சின்னவன் மாமா வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, "வீடு வெறிச்சுன்னு இருக்கு" என்றான். அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கரட் இலை கொண்டுவந்து போட்டார்.

நிறம் நல்ல கடுஞ்சாயம் மாதிரி. அதனால் பெயர் சாயம். அப்போதும் மாமா "நல்ல கெடா" என்றுதான் சொல்லிக் கொடுத்தார். ஐந்தாறு வாரக் குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது பழகிய ஆட்களுக்கே தப்பிப்போகும், மாமாவுக்குச் சொல்லவே வேண்டாம். கொஞ்ச மாதத்தில் சாயம் பெண் என்று தெரிந்தது. அம்மா ஒரு 'மா' சேர்த்துச் சாயம்மா ஆக்கிவிட்டார். லயத்தில் இப்போது எல்லாருக்கும் அவள் சாயம்மாதான். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகள் 'சாயம்மா அக்கா' என்கிறார்கள்.

சோடி சேர்க்கும் பேச்சு மாமா வருவதற்கு முன்னமே எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் மாசி மாதம் நடந்த ஒரு சம்பவம்.

ஒருநாள் காலையில் சாயம்மா வாயில் காய்ந்த புல்லை அள்ளிக்கொண்டு பெட்டியின் மூலைக்கு ஓடினாள். திரும்ப வந்தாள், திரும்ப அள்ளினாள். மீசைக்கு ரெண்டு பக்கமும் புல் நீட்டிக்கொண்டிருந்தது. சின்னவன் சிரித்து வீடியோ எடுத்து அனுப்பினான். பின்னேரம் அனுப்பிய இரண்டாவது வீடியோவில் சிரிப்புச் சத்தம் இல்லை. அவள் தன்னுடைய நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கி, அந்தப் புல்லின் மேல் மெத்தை மாதிரிப் பரப்பிக்கொண்டிருந்தாள். குட்டி போடப் போகிற முயல் செய்கிற வேலை அது. ஆனால் அவள் வேறொரு முயலைக் கண்ணால் கண்டே ஒரு வருசத்துக்கு மேலாகிறது. குட்டி எங்கிருந்து வரும்? ரெண்டு மூன்று நாள் அந்த வெறும் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கிட்டப் போனால் உறுமினாள். அப்புறம் அதிலேயே ஏறிப் படுத்துவிட்டாள்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனதாகச் சின்னவன் சொன்னான்.

அன்றைக்கு ராத்திரியே நாங்கள் ரெண்டு பேரும் போனில் தேடத் தொடங்கினோம். யூடியூபில் முயல் வளர்ப்பவர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள்: முயலைத் தனியாக வைக்காதே. அது கூட்டமாக வாழும் பிராணி. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும், ஒட்டிப் படுக்கும், ஒன்று காலால் தரையைத் தட்டினால் மற்றது பதுங்கும். மனுசன் எவ்வளவு கொஞ்சினாலும் அதற்கு ஈடாகாது. பார்க்கப் பார்க்க நாங்கள் ஏதோ கொடுமை செய்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

இதை மேல் லயத்தில் அப்பாயியிடம் போய்ச் சொன்னோம். அப்பாயி வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சிரித்தார். "காட்டுல முயல் எங்க கூட்டமாப் போவுது? நான் மலையில எத்தன வருசம் வேல செஞ்சிருக்கேன். ஒத்தையாத்தான் ஓடும். ஒன்னப் பாத்த எடத்துல இன்னொன்னு இருக்காது."

யூடியூப் பெரிதா, அப்பாயி பெரிதா? பெரியவள் கெம்பஸ் நூலகத்தில் போய்ப் பார்த்ததில் ரெண்டு பேரும் சரி என்று தெரிந்தது. அப்பாயி மலையில் பார்த்தது நம்முடைய காட்டு முயல். இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள, பிடரியில் கறுப்பு மயிர் இருக்கும் இனம். அது வளை தோண்டாது. புல் மறைவில் ஒரு பள்ளம் பார்த்துப் படுத்துக்கொள்ளும், பெரும்பாலும் தனியாகவே திரியும். அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, மயிரோடு பிறக்கும். பெட்டியில் நாம் வளர்ப்பது வேறு பிராணி. அதனுடைய பூர்வீகம் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டி கண் மூடி, மயிர் இல்லாமல், சிவப்பாகப் பிறக்கும். அதற்குத்தான் தாய் மயிரைப் பிடுங்கி மெத்தை போடுகிறது.

இங்கிலீசில் ரெண்டுக்கும் வேறு வேறு பெயர். தமிழில் நமக்கு ரெண்டும் முயல்தான். வள்ளுவர் முயலைத் தைத்த அம்பையும் யானைக்குத் தப்பிய வேலையும் வைத்து ஒரு குறள் எழுதியிருக்கிறாரே, அந்த முயல் அப்பாயி பார்த்த முயல். நிலாவில் இருக்கிறது என்று சொல்லி எங்களுக்குச் சோறு ஊட்டினார்களே, அதுவும் அதுதான். தனியாக ஓடுகிற ஒரு முயலை நம் ஆட்கள் ரெண்டாயிரம் வருசமாகப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கப்பலில் வந்த இந்த முயலுக்கும் அதே பெயரை வைத்ததால், இதுவும் தனியாக இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அம்மாவிடம் சொன்னோம். அம்மா கேட்டார்: "சரி. இப்ப என்னா, இன்னொன்னு வாங்கணும்ங்கிறீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அதற்குள் கணக்கு வந்துவிட்டது.

மாமா சொல்வது கெடா. அவர் வாக்கை நம்பினால், பெண்ணோடு ஆணைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு வேகமாக ஆகும் என்பதுதான் தெரியாது. முயல் வயிற்றில் குட்டி இருப்பது கிட்டத்தட்ட 31 நாள். நாய், மாடு மாதிரி அதற்குப் பருவம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சோடி சேர்ந்த பிறகுதான் முட்டையே வெளிவரும், அதனால் அநேகமாகக் குறி தப்பாது. ஒரு ஈத்துக்கு நாலு முதல் எட்டு வரை சாதாரணம். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினைப்படலாம். அந்தக் குட்டிகள் நாலைந்து மாதத்தில் தாங்களும் தயார்.

சின்னவன் கொப்பியில் கணக்குப் போட்டான். மூன்றாவது ஈத்துக்கு மேல் போடாமல் மூடிவைத்தான். அவுஸ்திரேலியாவில் 1859 இல் தோமஸ் ஒஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டையாடி விளையாடுவதற்கு 24 முயல் இறக்கினாராம். அது நாடு முழுக்கப் பரவி, கடைசியில் மேற்கு அவுஸ்திரேலியாவில் முயலைத் தடுக்கவென்று 1901 இல் வேலி கட்டத் தொடங்கி 1907 இல்தான் முடித்தார்கள். ஒரு கண்டத்தையே வேலி போட வைத்த பிராணியை நாங்கள் 10க்கு 12 அடிக் காம்பராவில் சோடி சேர்க்கப் பார்த்தோம்.

இந்த 10க்கு 12 என்பதை மலையகத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட அளவு அது. முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. அதற்குள்தான் நித்திரை, படிப்பு, சாமி தட்டு, உடுப்புக் கொடி, எல்லாம். சாயம்மாவின் பெட்டி இஸ்தோப்பில் இருக்கிறது. அப்பா பழைய பலகையும் கம்பி வலையும் வைத்து அடித்துக் கொடுத்தது. ராத்திரியில் அதை உள்ளே தூக்கி வைக்க வேண்டும். ஏனென்றால் எங்கள் பக்கம் சிறுத்தை வரும். நாங்கள் புலி என்றுதான் சொல்லுவோம். தேயிலைக்குள் மறைந்து வந்து லயத்து நாயைக் கவ்விக்கொண்டு போன கதை ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரிடமும் ஒன்றாவது இருக்கும். நாயையே தூக்குகிற புலிக்குப் பலகைப் பெட்டி ஒரு பொருட்டா? ஆகவே ராத்திரி சாயம்மா உள்ளே, அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில். இன்னொரு முயல் வந்தால் இன்னொரு பெட்டி வேண்டும். புது முயலைக் கொண்டுவந்த உடனே பழைய முயலோடு விட முடியாது. கடித்துக் குதறிக்கொள்ளும். வாரக்கணக்கில் தனித்தனியாக வைத்து, ரெண்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்கிறார்கள். ரெண்டுக்கும் பழக்கமில்லாத இடம்! அப்படி ஒரு இடம் எங்கள் வீட்டில் இருந்தால் சின்னவன் அங்கே மேசை போட்டுப் படித்திருப்பான்.

அடுத்தது சாப்பாடு. வீடியோக்களில் டிமோதி ஹே என்று ஒரு காய்ந்த புல்லைக் காட்டுகிறார்கள். முயல் தின்பதில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதனுடைய பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். குடலும் நில்லாமல் ஓட வேண்டும், அரை நாள் ஒன்றும் தின்னாமல் சுருண்டு கிடந்தால் ஆபத்து. நாங்கள் வெயில் காலத்தில் புல் அறுத்துக் கூரைத் தகரத்தில் காயப் போட்டுச் சாக்கில் கட்டி வைப்போம். வைகாசியில் மழை தொடங்கினால் ஒன்றும் காயாது.

புல்லா இல்லை மலையில் என்று கேட்காதீர்கள். புல் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. கிளைபோசேட்டை 2015 இல் அரசாங்கம் தடை செய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மறுபடி அனுமதித்தது தெரிந்திருக்கும். எந்த மருந்தாக இருந்தாலும், அடித்த மலையில் புல் பிடுங்கிப் போட முடியாது. எந்த நம்பர் மலையில் எப்போது அடித்தார்கள் என்று அம்மாவுக்குத்தான் தெரியும். கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது, அடிக்காத ஓடைக்கரையில் இறங்கி, அட்டை கடிக்கக் கடிக்க ஒரு கட்டுப் புல் அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வருவார். காலையிலிருந்து அந்தக் கூடையைத் தலையில் மாட்டிய ஆள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபா. அதற்காக மலை ஏறி இறங்கிய காலோடு முயலுக்கும் ஒரு கட்டு. ரெண்டு முயல் என்றால் ரெண்டு கட்டு. 'நாங்கள் முயல் வளர்க்கிறோம்' என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறோமே, வளர்ப்பது யார் என்று இந்த இடத்தில்தான் எங்களுக்கு உறைத்தது.

பெரியவள் பேராதனையில் இருப்பதில் ஒரு வசதி, இலங்கையில் மிருக வைத்தியத்துக்குப் பீடம் உள்ள ஒரே பல்கலைக்கழகம் அது. அங்கே படிக்கிற, எங்கள் பக்கத்து ஊர் சீனியர் அக்கா ஒருவரைக் கென்டீனில் பிடித்துச் சாயம்மா கூடு கட்டிய வீடியோவைக் காட்டினோம். அக்கா பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பொய்ச் சினை. தனியா இருக்கிற பெண் முயலுக்கும் வரும். உடம்புல ஹோமோன் செய்ற வேலை. தனிமையில ஏங்கித்தான் கூடு கட்டுதுன்னு நினைச்சு அழாதீங்க."

நிம்மதியாக இருந்தது. அடுத்து சொன்னதில் அந்த நிம்மதி போய்விட்டது. பெண் முயலைக் கர்ப்பப்பை எடுக்காமல் வைத்திருந்தால், நாலு வயது தாண்டும்போது அந்தக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வருவது ரொம்பச் சாதாரணமாம். நன்றாக வைத்துக்கொண்டால் எட்டுப் பத்து வருசம் இருக்க வேண்டிய பிராணி. "சோடி சேர்க்கிறதோ இல்லையோ, முதல்ல ஆபரேசன் செய்ங்க. அதுக்குப் பிறகு சோடி வேணும்னா, அதே மாதிரி ஆபரேசன் செய்த ஒரு ஆண் நல்லா ஒத்துப்போகும். ஆணுக்கு வெட்டின பிறகும் ஆறு வாரம் தள்ளி வைக்கணும். குட்டியாக் கொண்டுவந்து 'பிறகு பாப்போம்'னு விடாதீங்க. பிறகு பாக்கிறதுக்குள்ள குட்டி போட்டிரும்."

போகும்போது ஒரு கேள்வி கேட்டார்: "பகல்ல தனியாக் கிடக்குதுன்னு சொல்றீங்களே, பகல்ல அது என்ன செய்யுது?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பெரியவள் பேராதனையில், சின்னவன் பள்ளிக்கூடத்தில். பகலில் சாயம்மாவை நாங்கள் பார்த்ததே சனி, ஞாயிறுதான்.

அந்தக் கேள்வியை அம்மாவிடம் கொண்டுபோனோம். மாமா கொடுத்த ரெண்டு கிழமையில் மூன்று நாள்தான் மிச்சம். பெரியவள் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் பஸ் ஏறி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தாள். சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். சாயம்மா காலுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் தயார் செய்துகொண்டு வந்ததை எல்லாம் சொன்னோம். கூட்டமாக வாழும் பிராணி, தனிமை, மன அழுத்தம். சுவிட்சர்லாந்தில் 2008 இல் கொண்டுவந்த சட்டப்படி கினிப்பன்றி மாதிரிச் சின்னப் பிராணிகளைத் தனியாக வளர்ப்பதே குற்றம், ஒன்று செத்தால் மற்றதற்குத் துணை தேடிக் கொடுக்க வேண்டும் என்பது வரைக்கும் சின்னவன் சொன்னான்.

அம்மா அடுப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டார்: "மனுசருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லியா?"

ஜோக் என்று நினைத்துச் சின்னவன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. "ஒங்கப்பா போயி ஒம்பது வருசமாச்சு. பெரியவ போயி ரெண்டு வருசம். இவனும் அடுத்த வருசம் போயிருவான், போகணும், அதுக்குத்தான் படிக்க வக்கிறது. இந்த முயல் தனியா இருக்கேன்னு ரெண்டு பேரும் இவ்வளவு பேசுறீங்க. சந்தோசந்தான்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் அடுப்புச் சத்தம் மட்டும்தான்.

அம்மாவே திரும்பப் பேசினார். "பகல்ல அவ என்னா செய்யிறான்னு கேட்டீங்கள்ல? தூங்குறா. எனக்கு வேல இல்லாத நாளுல பாத்திருக்கேன். வெளிச்சம் ஏறுனா மூலைக்குப் போயிருவா. நான் காலைல நாலரைக்கு எந்திரிச்சு அடுப்பு பத்த வக்கிறப்ப அவளும் எந்திரிப்பா. ரொட்டி தட்டி முடியிற வரைக்கும் காலச் சுத்துவா. பொறகு பின்னேரம் நான் வந்து கால் கழுவுற சத்தம் கேட்டா வருவா. வெளக்கு வக்கிற நேரம் ஒரு துள்ளு துள்ளுவா பாரு, அந்தரத்துல திரும்பிக்கிட்டு. அது ஒங்களுக்குத் தெரியாது. அப்ப இவன் டியூசன்ல, நீ கெம்பஸ்ல."

பிறகு தேடிப் பார்த்தால், முயல் விடியலிலும் அந்தியிலும்தான் விழிப்பாக இருக்கும், பகலில் பெரும்பகுதி படுத்திருக்கும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. நாங்கள்தான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறோம். கொழுந்து எடுக்கிற ஆளின் நேரமும் முயலின் நேரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. விடிய முன்னும் இருட்டுகிற நேரமும்தான் ரெண்டு பேருக்கும் வீடு.

அதற்காக, அம்மா இருப்பதால் சாயம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அம்மாவால் அவள் காது மடலை நக்க முடியாது. ராத்திரி பெட்டிக்குள் ஒட்டிப் படுக்க இன்னொரு உடம்பு இல்லை. யூடியூப் ஆட்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் வீடியோ பார்த்த ராத்திரியில் நாங்கள் கண்ட அந்தத் தனிமை, முயலுடையது பாதிதான். மீதியை நாங்கள் கொண்டுபோய் அதன் மேல் வைத்திருக்கிறோம். வீட்டைவிட்டுப் போன ஒருத்திக்கும் போகப்போகிற ஒருத்தனுக்கும், தங்களுக்குப் பதிலாக ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனால் மனசு லேசாகும். முதல் முயல் வந்த காரணமும் அதுதானே. 'வீடு வெறிச்சுன்னு இருக்கு' என்று சின்னவன் சொன்னபோது, யாருக்கு வெறிச்சென்று இருக்கிறது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

முடிவு இப்படி எடுத்தோம். மூன்று பேரும் சேர்ந்து.

ஒன்று, இப்போதைக்கு இரண்டாவது முயல் இல்லை. ரெண்டு, வருகிற லீவுக்குள் சாயம்மாவைப் பேராதனைக்குக் கொண்டுபோய் ஆபரேசன் செய்கிறது. அதற்கான காசு மகாபொலவிலிருந்து, மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினால் சரி. பஸ் பயணம்தான் பயமாக இருக்கிறது. முயலுக்குக் குளிர் பிரச்சினை இல்லை, சூடுதான் ஆகாது. அதனால் விடியற்காலை முதல் பஸ்சில், அட்டைப் பெட்டிக்கு ஓட்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று, புல் அறுப்பது இனிமேல் சின்னவன் வேலை. எந்த மலையில் மருந்து அடிக்கவில்லை என்று அம்மா சொல்வார், போய் அறுக்க வேண்டியது அவன். நாலாவது, பெரியவள் மாதம் ஒருமுறை வந்தது போதாது, ரெண்டு கிழமைக்கு ஒருமுறை வர வேண்டும். இந்த நாலாவதை அம்மா கேட்கவில்லை. நாங்களே போட்டுக்கொண்டது. "பஸ் காசு ஆருடி குடுக்கிறது" என்று மட்டும் கேட்டார்.

சோடி என்கிற பேச்சை ஒரேயடியாக மூடிவிடவில்லை. ஆபரேசன் முடிந்து, சின்னவனுடைய பரீட்சையும் முடிந்த பிறகு, ஆபரேசன் செய்த ஒரு பெரிய ஆண் எங்காவது வேண்டாம் என்று கிடந்தால் பார்க்கலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டு. புல் கணக்கும் பார்த்துவிட்டு.

சனிக்கிழமை மாமாவுக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொன்னோம். "ஆங் சரி, அப்ப அந்த ஆளுக்கே குடுத்துர்றேன்" என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல். போனை வைத்த பிறகு எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வெள்ளைக் குட்டியின் படம் இன்னும் சின்னவனின் போனில் இருக்கிறது. மாமா வீட்டில் அடுத்த மாதமும் குட்டி போடும், அதற்கடுத்த மாதமும் போடும், எல்லாவற்றையும் கொண்டுவந்து நாலாவது காம்பராவில் வைக்க முடியாது என்று நியாயம் சொல்லிக்கொள்கிறோம். நியாயம் சரிதான். படத்தை அழிக்கத்தான் மனசு வரவில்லை.

ஒரே ஒரு காரியம் செய்தோம். மாமாவிடம் ஆண் எது, பெண் எது என்று பிரித்துத் தனித்தனிக் கூட்டில் போடும்படி சொல்லியிருக்கிறோம். எப்படிப் பார்ப்பது என்று அந்தச் சீனியர் அக்காவிடம் கேட்டு, படம் கீறி வட்ஸ்அப்பில் அனுப்பினோம். மாமா பதிலுக்கு ஒரு பெருவிரல் அனுப்பியிருக்கிறார். என்ன செய்வாரோ தெரியாது. அவருக்கு எல்லாமே கெடா.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் திரும்பிப் போகவில்லை. திங்கள் காலை முதல் பஸ்சில் போகலாம் என்று நின்றுவிட்டாள். விளக்கு வைக்கிற நேரம் அம்மா கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். சாயம்மா மூலையிலிருந்து வெளியே வந்து, இஸ்தோப்பு வாசல்வரை ஒரு ஓட்டம் ஓடி, அந்தரத்தில் ஒரு திரும்பு திரும்பித் துள்ளினாள். நாங்கள் ரெண்டு பேரும் அதை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பாத்தீங்களா?" என்றார் அம்மா.

பார்த்தோம்.